பழைய காரும் 900 வெள்ளி வாரண்டியும்: செம்பவாங் குடும்பம் ஒன்றின் கணக்கு

சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருக்கும் என் தங்கை வீட்டில் கார் வாங்கியது ஆசைக்காக அல்ல. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு 2023 கடைசியில் டயாலிசிஸ் தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரைக்கெல்லாம் அத்தை நிலையத்தில் இருந்தாக வேண்டும். போக வர வாடகைக் காருக்கு நாளொன்றுக்கு 30 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போனது. மழை பெய்யும் காலையில் அந்த விலைக்கும் வண்டி வராது. இரண்டு முறை அத்தை தாமதமாகப் போய்ச் சிகிச்சை நேரம் குறைந்ததும், மாப்பிள்ளை எனக்கு ஃபோன் செய்தார். "மச்சான், புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. பழசு வாங்குனா நடுவழியில நின்னுடுமோன்னு பயமா இருக்கு. நீங்க கூட வரணும்" என்றார்.

போனேன். அந்தத் தேடல், வாங்கிய வண்டி, அதற்கு வந்த இரண்டு பழுதுகள், வாரண்டி எதற்குக் கைகொடுத்தது, எதற்குக் கைவிரித்தது என்று எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் தங்கை சேர்த்து வைத்திருக்கும் நீலக் கோப்பிலிருந்து எடுத்தவை.

வாங்குவது மீதிக் காலத்தை

சிங்கப்பூரில் கார் விலை என்பதில் பெரும்பகுதி சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். 1990 மே மாதம் வந்த முறை இது. ஒரு சான்றிதழுக்கு ஆயுள் பத்து ஆண்டு. சிறிய கார்களுக்கான ஏ பிரிவிலேயே 2023 அக்டோபரில் சிஓஇ 106,000 வெள்ளிக்குப் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் பழைய கார்களின் விலையும் சேர்ந்தே ஏறும்.

அதனால் விற்பனை விலையை மட்டும் பார்த்து எதையும் ஒப்பிட முடியாது. இங்கே எல்லாரும் பேசுவது டெப்ரிசியேஷனை, அதாவது ஆண்டுக்கு ஆண்டு தேயும் மதிப்பைப் பற்றித்தான். விலையிலிருந்து பத்தாம் ஆண்டு முடிவில் பதிவை நீக்கும்போது அரசு திரும்பத் தரும் பார்ஃப் என்ற தொகையைக் கழித்து, மீதியை எஞ்சியிருக்கும் ஆண்டுகளால் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு அந்த வண்டி எவ்வளவு தின்னும் என்று தெரியும். நாங்கள் பார்த்த வயதுக் கார்களுக்கு, பத்தாம் ஆண்டில் பதிவு நீக்கினால், முதலில் கட்டிய ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும்.

மூன்று வண்டிகள் பட்டியலில் மிஞ்சின. முதலாவது, பத்து ஆண்டு முடிந்து ஐந்தாண்டுக்கு சிஓஇ புதுப்பிக்கப்பட்டது. டெப்ரிசியேஷன் குறைவுதான். ஆனால் புதுப்பித்த வண்டிக்கு பார்ஃப் கிடையாது, ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்கவும் முடியாது. சாலை வரியில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் ஏறும், பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டு. அத்தையை ஏற்றிப் போகப் பன்னிரண்டு வயது வண்டி வேண்டாம் என்று அதை விட்டோம்.

இரண்டாவது ஐரோப்பிய டர்போ கார், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஓட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது உண்மை. காக்கி புக்கிட்டில் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த பட்டறைக்காரரிடம் கேட்டேன். ஈப்போக்காரர், முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். "தம்பி, அந்த கியர்பாக்ஸ்ல கிளட்ச் எண்ணெயில முங்கி இருக்காது, காய்ஞ்ச கிளட்ச். நம்ம ஊரு நெரிசல்ல மீட்டர் மீட்டரா ஊர்ந்து போகும்போது சூடேறிக்கிட்டே இருக்கும். நல்லா இருக்குற வண்டியும் இருக்கு. ஆனா கெட்டுப்போச்சுன்னா சின்ன பில்லா வராது" என்றார். அதையும் விட்டோம்.

மூன்றாவது, 2017 ஜூனில் பதிவான 1.6 லிட்டர் ஜப்பானியச் செடான், சிவிடி என்ற படியில்லாத் தானியங்கி கியர்பாக்ஸ். ஊபியில் ஒரு டீலரிடம் நின்றது. 98,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இரண்டே உரிமையாளர்கள். கேட்ட விலை 45,800 வெள்ளி. ஏஆர்எஃப் 18,200, ஆகவே பார்ஃப் 9,100. மூன்றேகால் ஆண்டு மீதி. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 11,300 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. 2024 மார்ச்சில் அது நியாயமான விலைதான்.

லிஃப்டில் ஏற்றிய காலை

"பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டதும் விற்பனையாளர் தயங்கவில்லை, சாவியைக் கொடுத்தார். அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. தயங்கும் இடத்தில் அதற்கு மேல் நிற்க வேண்டியதே இல்லை.

இங்கே பலர் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் கட்டாயப் பரிசோதனையில் தேறிவிட்டால் வண்டி நல்ல வண்டி என்று நினைக்கிறார்கள். அந்தச் சோதனை பார்ப்பது பிரேக், புகை, விளக்கு, சஸ்பென்ஷன் போன்ற சாலைப் பாதுகாப்பு விஷயங்களை. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று அது சொல்லாது. வாங்கும் முன் நாமே காசு கொடுத்துச் செய்யும் சோதனை வேறு. நாங்கள் அதையும் செய்தோம், பிறகு பட்டறையில் லிஃப்டிலும் ஏற்றினோம்.

பட்டறைக்கார அண்ணன் முதலில் இன்ஜினைத் தொடவில்லை. வலப்பக்க முன் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். பெயின்ட் உரிந்து, ஸ்பேனர் பட்ட தடம் தெரிந்தது. "இந்த ஃபெண்டர் ஒருதடவை கழண்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருக்கும் சட்டத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெல்டிங் எதுவும் மாறவில்லை, மடிப்பு இல்லை. லேசான இடி, உடம்பில் அடியில்லை என்று முடிவு செய்தார். டயரின் பக்கவாட்டில் 1819 என்று நான்கு இலக்கம் இருந்தது, அதாவது 2019-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பூ, அதாவது மேலே இருக்கும் வரிப்பள்ளம், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் கெட்டியாகிவிட்டது. கீழே சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு. இந்த வெயிலில் ரப்பர் சாமான்கள் அப்படித்தான் போகும்.

கிலோமீட்டர் உண்மையா என்று அறிய, முந்தைய உரிமையாளரின் சர்வீஸ் பதிவுகளைக் கேட்டு வாங்கினோம். 10,000, 20,000 என்று 80,000 வரை தேதியோடு வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு 18,000 கிலோமீட்டருக்கு ஒன்றுமே இல்லை. சிவிடி எண்ணெய் ஒருமுறையாவது மாற்றப்பட்டதற்கான தடயமும் இல்லை. இந்த இடைவெளியை நான் அன்றைக்கு இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

பேரம் பேசினோம். நான்கு புது டயர், புஷ் மாற்றம், 2024 ஜூனில் வரவிருந்த கட்டாயப் பரிசோதனையை முடித்து வண்டியைக் கொடுப்பது, இவ்வளவுக்கும் டீலர் சம்மதித்தார். விலையை இறக்கவில்லை. ஒப்பந்தத்தில் விற்பவர் இடத்தில் டீலரின் நிறுவனப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உரிமையாளர் சார்பில் டீலர் விற்றுக்கொடுக்கும் வண்டிகளும் அதே இடத்தில்தான் நிற்கும். அதில் விற்பவர் ஒரு தனிநபர். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது ஐந்து மாதத்தில் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் வாரண்டிப் பத்திரம்

கையெழுத்துப் போடும் நேரத்தில் வாரண்டி பேச்சு வந்தது. 12 மாதம், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும், 1,500 வெள்ளி. "எல்லாம் கவர் ஆகும்" என்றார் விற்பனையாளர். நான் பத்திரத்தின் நகலைக் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அன்றிரவு தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். நான்கு பக்கம், பொடி எழுத்து.

ஒரு பழுதுக்கு உச்சவரம்பு 2,500 வெள்ளி. ஓட்டம் 100,000 கிலோமீட்டரைத் தாண்டினால் பாக விலையில் 20 விழுக்காட்டை உரிமையாளர் ஏற்க வேண்டும், பழையதற்குப் பதில் புதிய பாகம் போடுவதால். கசிவு, சீல், ரப்பர், தேய்மானம், எண்ணெய் வகைகள், இழுவை வண்டிச் செலவு, எதுவும் சேராது. வாங்கும்போதே இருந்த குறையும் சேராது. 10,000 கிலோமீட்டருக்கோ ஆறு மாதத்துக்கோ, எது முதலில் வருகிறதோ அப்போது, அவர்கள் சொல்லும் பட்டறையில்தான் சர்வீஸ். ஒருமுறை தவறினாலும் வாரண்டி ரத்து.

நான் வேண்டாம் என்றேன். காரணம் எளியது. டீலரிடம் வாங்கிய பொருளுக்கு முதல் ஆறு மாதம் சட்டமே துணை நிற்கிறது. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஒப்படைத்தபோதே அது இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். வண்டியின் வயது, விலை, சாதாரணத் தேய்மானம் எல்லாம் கணக்கில் வரும் என்பதும் உண்மை, ஆகவே ஏழு வயதுக் காரில் தேய்ந்த பிரேக் பேடுக்கு யாரும் சண்டை போட முடியாது. ஆனால் பெரிய குறைக்கு அது பலமான பிடி. தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பிடி இல்லை. அப்படியென்றால் 12 மாத வாரண்டியில் நாம் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது ஏழாவது மாதம் முதல் வரும் ஆறு மாதத்தை.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க சொல்றது கணக்குக்குச் சரி. ஒரே அடியா மூவாயிரம் வெள்ளி செலவு வந்தா இந்த வருஷம் எங்களால முடியாது. அதுக்காகத்தான் கேக்குறேன்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மருத்துவச் செலவில் அவர்களுடைய கைச்சேமிப்பு கரைந்துபோயிருந்தது. மறுநாள் பேரம் பேசி 900 வெள்ளிக்கு வாரண்டியை எடுத்தார்கள்.

ஐந்தாவது மாதம்: இளஞ்சிவப்புப் படிவு

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அத்தையை இறக்கிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளை போனட்டைத் திறந்து பார்த்தார். கூலண்ட் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. முந்தைய மாதம்தான் நிரப்பியிருந்தார். என்னை அழைத்தார், நேராகக் காக்கி புக்கிட்டுக்குப் போனோம்.

கீழ்த்தட்டைக் கழற்றி அண்ணன் டார்ச்சைப் பிடித்தார். வாட்டர் பம்பின் அடியில், இன்ஜின் உலோகத்தின் மேல், இளஞ்சிவப்பாகக் காய்ந்த படிவு. விரல் நகத்தால் சுரண்டினால் உப்பு மாதிரி உதிர்ந்தது. "இது நேத்து வந்ததில்ல தம்பி. கசிஞ்சு, காய்ஞ்சு, மறுபடி கசிஞ்சு படிஞ்சது. பாருங்க, அடுக்கடுக்கா இருக்கு" என்றார். வாங்கும் முன் லிஃப்டில் ஏற்றியபோது இந்தக் கீழ்த்தட்டை நாங்கள் கழற்றவில்லை. நான்கு போல்ட்டும் சில கிளிப்பும், பத்து நிமிட வேலை. இனி யாருக்காக வண்டி பார்க்கப் போனாலும் கீழ்த்தட்டைக் கழற்றாமல் நான் நகர மாட்டேன்.

பம்ப் மாற்ற 380 வெள்ளி. வாரண்டிக்கு அழைத்தால், எதிர்பார்த்த பதில்தான் வந்தது: கசிவு சேராது. டீலரும் அதையே சொல்லி ஒதுங்கப் பார்த்தார். அப்போது மாப்பிள்ளை வாரண்டியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டு, டீலருக்கு விற்பவர் என்ற முறையில் மின்னஞ்சல் அனுப்பினார். வண்டி ஒப்படைத்த தேதி, குறை தெரிந்த தேதி, படிவின் மூன்று படங்கள், பட்டறைக்காரரின் இரண்டு வரிக் குறிப்பு, ஏழு நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும், இல்லாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கும் அதற்குப் பிறகு சிறு உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்கும் போவோம் என்ற ஒரு வரி. கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தத் தீர்ப்பாயத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குத் தொடுக்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை.

டீலர் ஒப்பந்தத்தில் இருந்த "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்ற வரியைக் காட்டினார். அந்த வரி சட்டம் கொடுத்த உரிமையை அழித்துவிடாது என்று மாப்பிள்ளை பதில் எழுதினார். நான்காம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பம்பை மாற்றிக் கொடுத்தார்கள். எங்கும் போக வேண்டி வரவில்லை. வண்டியை ஒரு தனிநபரிடமிருந்து வாங்கியிருந்தால் அந்த 380 வெள்ளி எங்கள் கையிலிருந்துதான்.

பத்தாவது மாதம்: பலமாடி கார் நிறுத்துமிடச் சரிவில்

2025 ஜனவரியில் பிரச்சினை கியர்பாக்ஸில் வந்தது. முதலில் தங்கைதான் கவனித்தாள். வீட்டுப் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது, வேகம் 20-இலிருந்து 30-க்குப் போகும் இடத்தில் வண்டி நடுங்கியது. கால்வைத்த பலகையில் அதிர்வு தெரிந்தது. இரண்டு வாரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, அத்தை பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்க, வண்டி டி-இல் போட்டும் நகரவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் தன் வண்டியில் அத்தையைக் கொண்டுபோய் விட்டார். அந்த உதவியை எங்கள் குடும்பம் மறக்காது.

கியர்பாக்ஸில் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடி போய்விட்டது என்று தெரிந்தது. மதிப்பீடு 3,200 வெள்ளி: பாகம் 2,400, கூலி 600, சிவிடி எண்ணெய் 200. ஆறு மாதம் தாண்டியாகிவிட்டது. சட்டம் அதோடு முடிந்துபோவதில்லை, ஆனால் ஒப்படைக்கும்போதே குறை இருந்தது என்று இப்போது நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கியர்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதை நிரூபிப்பது எளிதல்ல. மிஞ்சியது வாரண்டி.

வாரண்டிக்காரர்கள் முதலில் கேட்டது சர்வீஸ் ரசீது. தங்கை நீலக் கோப்பை எடுத்து வைத்தாள். ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, ஜனவரி தொடக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர், தேதி, பட்டறை முத்திரை. அக்டோபர் சர்வீஸ் அன்று அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் தள்ளிப்போட நினைத்து, பிறகு அவளே இரவு ஏழு மணிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். அன்று தள்ளிப்போட்டிருந்தால் 10,000 கிலோமீட்டர் கெடு தாண்டியிருக்கும், வாரண்டி செத்திருக்கும். மூன்று நாள் இழுத்து, அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பாக விலையில் 80 விழுக்காடு 1,920, கூலி 600, ஆக 2,520. உச்சவரம்பு 2,500 என்பதால் அவ்வளவுதான். எண்ணெய் எங்கள் செலவு. குடும்பம் கட்டியது 700, அதோடு இழுவை வண்டிக்கு 120.

நான் சொன்னதும் நடந்ததும்

வாரண்டி 900. அவர்கள் சொன்ன பட்டறையில் சர்வீஸ் செய்ததால், ஒவ்வொரு முறையும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 60 வெள்ளி கூடுதல். மூன்று முறைக்கு 180. ஆக வாரண்டிக்கான உண்மையான விலை 1,080. திரும்ப வந்தது 2,500. நிகர லாபம் 1,420 வெள்ளி. தங்கை எடுத்த முடிவு அவர்களுக்குச் சரியாகவே அமைந்தது, அதை அவளிடம் நேராகச் சொன்னேன்.

ஆனால் அதே வாரண்டியை முதலில் கேட்ட 1,500-க்கு எடுத்திருந்தால் உண்மையான விலை 1,680. 2,500 வெள்ளிப் பழுதொன்று வந்தால்தான் அது திரும்பும் என்றால், இந்த மாதிரி மூன்று கார்களில் இரண்டுக்கு ஓர் ஆண்டுக்குள் அவ்வளவு பெரிய பழுது வந்தாக வேண்டும், அப்போதுதான் கணக்கு ஈடாகும். 98,000 ஓடிய ஒரு சாதாரண ஜப்பானியச் செடான் அவ்வளவு மோசமான வண்டி அல்ல. 900 என்றால் ஐந்தில் இரண்டுக்குச் சற்று மேல். அதுவும் அதிகம்தான். ஆனால் எண்ணெய் மாற்றாத சிவிடி என்று எங்களுக்குத் தெரியும், கையில் சேமிப்பு இல்லை என்பதும் தெரியும். அந்த இரண்டும் சேர்ந்தபோது 900 தகும். நாங்கள் விட்டுவந்த இரட்டை கிளட்ச் வண்டியை எடுத்திருந்தால் நானே 1,500 கொடுக்கச் சொல்லியிருப்பேன், அதுவும் அந்த கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதியும் சேரும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் மட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. சர்வீஸ் பதிவில் 18,000 கிலோமீட்டர் இடைவெளி கண்ணுக்கு முன் இருந்தது. வாங்கிய வாரமே 200 வெள்ளிக்கு சிவிடி எண்ணெயை மாற்றச் சொல்லியிருக்கலாம். அதனால் வால்வ் பாடி பிழைத்திருக்குமா என்று அண்ணனிடம் கேட்டேன். "சொல்ல முடியாது தம்பி. ஆனா நான் மாத்தியிருப்பேன்" என்றார்.

2025 மார்ச்சில் வாரண்டி முடியும் முன், இன்னொரு ஆண்டுக்கு 1,600 வெள்ளி என்று அழைப்பு வந்தது. வால்வ் பாடி புதிது, பம்ப் புதிது, எண்ணெய் புதிது. இந்த முறை தங்கையே வேண்டாம் என்றாள். மாதம் 120 வெள்ளி தனிக் கணக்கில் போடுகிறாள், சர்வீஸை அண்ணனின் பட்டறைக்கே மாற்றிவிட்டாள். ஒன்பது மாதத்தில் 1,080 வெள்ளி சேர்ந்தது. அதிலிருந்து இதுவரை எடுத்தது பேட்டரிக்கு 160 மட்டும். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்புகிறது.